பிள்ளையாருக்குப் போற முதல் கார்டு

காலிகிராஃபி பேனா வாங்கி மூணு வாரம்தான் ஆகுது.

இன்னிக்கு வேலை முடிஞ்சு குருபோங்ல இருக்கிற எங்க வீட்டுக்கு வந்தா, பக்கத்து வீட்டு செல்வி அக்கா மஞ்சள் தடவின கல்யாண கார்டோட நிக்கிறாங்க.

"போன வாரம் ஃபேஸ்புக்ல 'அன்பு'ன்னு எழுதிப் போட்டிருந்தியே, எவ்வளோ அழகு லா! மக கல்யாணத்து முதல் கார்டு கோயில் பிள்ளையாருக்கு. கவர்ல உன் கையால பேர் எழுதிக் கொடும்மா."

அந்த 'அன்பு' நெட்ல எடுத்த பிரிண்ட். ஜன்னல் கண்ணாடியில ஒட்டி, மேல தாளை வச்சு அப்படியே வரைஞ்சேன். அப்பவே சொல்லியிருக்கலாம். வாயில வந்தது, "கொடுங்கக்கா" மட்டும்தான்.

ரூமுக்குள்ள போய், போன்ல 'பிள்ளையார்'னு பெருசா வச்சு, அது மேல கவரை வச்சுப் பார்த்தேன். கெட்டிக் கவர். ஒண்ணும் தெரியல.

வேற வழியில்லாம சொந்தமா எழுதினேன். எழுத்தெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு, மை ஊறிப் போச்சு.

அக்கா அதை வாங்கிக் கண்ல ஒத்திக்கிட்டாங்க. "என் தப்புதாம்மா, உன்னை அவசரப்படுத்திட்டேன்."

நான் "பரவாயில்லக்கா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

நாளைக்கு அந்தக் கவர் சாமி காலடிக்குப் போகுது.

'அன்பு'க்கு லைக் போட்டவங்க எல்லாரும் தயவுசெஞ்சு திருப்பி எடுத்துக்குங்க. செல்வி அக்கா, நீங்க போட்ட ஹார்ட்டை மொதல்ல எடுங்க.