ஓரத்து அழுக்கு

பள்ளிக்கூட நூலகத்துக்கு நான் பைண்டிங் செய்து அனுப்பிய அகராதியில் பதினாறு பக்கத்தைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலாளி பார்த்திருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். நூலகத்தைக் கவனித்துவந்த பெண், முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, அதைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதுக்குக் கொஞ்சம் தலை சுத்துது. நிமித்தி வச்சிடுங்க."

அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அவள் கதை எழுதுகிறவள் என்பது பிறகுதான் தெரிந்தது. பதிமூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கான நாவல். வீட்டைவிட்டு ஓடிப்போகும் ஒரு பெண்ணின் கதை. பதிப்பாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "குழந்தைக்கு எழுதுங்க, இல்ல பெரியவங்களுக்கு எழுதுங்க. மீசை முளைக்கலாமா வேண்டாமான்னு நிக்கறவன் எங்க புத்தகம் படிக்கறான்?" என்றாராம்.

"படிப்பாங்கன்னு காட்டறேன்" என்று தட்டச்சுத் தாள்களை என்னிடம் கொடுத்தாள். பைண்டிங் செய்து கொடுத்தேன். பேர் போடாமல் நூலக அலமாரியில் வைத்தாள்.

இரண்டு மாதத்தில் அட்டை பிய்ந்து வந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல். எனக்கோ பொய் சொல்ல மனம் வரவில்லை, கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார். புரட்டின பக்கத்தின் ஓரம் பிள்ளைகள் கைபட்டுக் கறுக்கும், புரட்டாதது வெள்ளையாகவே கிடக்கும். புத்தகத்தை மூடி ஓரத்தைக் காட்டினேன். பாதிவரை கறுப்பு, அப்புறம் பால் வெள்ளை.

"இங்கயே எல்லாரும் எழுந்து போயிட்டாங்கம்மா."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அந்த இடத்தைப் பிரித்துப் படித்தாள். ஓடிப்போன பெண்ணுக்கு ஒரு பெரியவர் புத்தி சொல்லத் தொடங்கும் பக்கம்.

"நாலு பக்கத்துக்குப் புத்தி சொல்லியிருக்கேன் அக்கா. நானா இருந்தாலும் மூடி வச்சிருப்பேன்."

மறுபடி எழுதினாள். அழுக்கு முக்கால்வாசிக்கு வந்தது. மறுபடி எழுதினாள். மூன்றாவது தடவை கடைசித் தாள்வரை கறுப்பு. அடியில் யாரோ பென்சிலால் 'அப்புறம்?' என்று கேட்டிருந்தார்கள். அந்த அழுக்குப் பிரதியையே பதிப்பாளர் மேசையில் வைத்தாள். அவர் ஓரத்தைத் தடவிப் பார்த்து, எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாராம்.

நூலக வேலையை விடாமலே மொத்தம் ஆறு நாவல். ஒவ்வொன்றும் அலமாரியில் அழுக்கான பிறகுதான் அச்சுக்குப் போனது.

ஏழாவதைக் கொண்டுவந்த அன்றுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. உடம்பு பாதியாகியிருந்தது. மறுநாள் ஆபரேஷன்.

"முதல்ல நல்லபடியா வாம்மா. இதைப் பிறகு பார்க்கலாம்" என்றேன்.

கேட்கவில்லை. தாள்களை என் மடியில் வைத்தாள். ஆண்டவனை நினைத்து அவள் நெற்றியைத் தொட்டேன். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ரெண்டு மாசம் அலமாரியில இருக்கட்டும் அக்கா. எந்த இடத்துல ஓரம் வெள்ளையாகுதோ, அங்க ஒரு நூல் போட்டு வைங்க. வந்து அங்கிருந்து எழுதறேன்."