எல்லோருக்கும் ஒரு எக்ஸ்ட்ரீம்லி

அடுத்தவர் துயரத்தை ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுப்பது என் தொழில். அதே தொழிலில் விரல் தேய்ந்தவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம். எங்கள் தீவில் ஹட் பே ஜெட்டிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிட்டால் போர்ட் பிளேயருக்கு ஹெலிகாப்டர்தான். அதில் இடம் கேட்டு மனு எழுத என்னிடம் வருவார்கள்.

முதுகு வலி

கான்ட்ராக்டர் முருகேசனுக்கு மெயின்லேண்டில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். முதுகு வலி என்று டாக்டர் சீட்டு வாங்கி வந்திருந்தார். 'பெயின்' என்று அடித்தேன். திரையை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். 'சிவியர்' சேர்த்தேன். போதவில்லை. 'வெரி' போட்டேன். அதுவும் போதாமல் 'எக்ஸ்ட்ரீம்லி'. கல்லூரியில் கவிதை படித்தவள் நான். ஒரு சொல்லுக்கு முன்னால் இன்னொன்று வந்து நின்று கத்தினால் பின்னால் இருப்பது ஊமையாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வெறும் வலின்னு எழுதினா, தைலம் தேய்ச்சுக்கோன்னு அனுப்பிடுவான்மா. தாராளமா போடுங்க, வார்த்தை என்ன உங்க வீட்டுச் சொத்தா?"

ஒற்றை வரி

மறுநாள் மேரி வந்தாள். மீன் விற்பவள். கடலுக்குப் போகும் கணவன் அந்தோணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். இங்கே வைத்துப் பார்க்க முடியாது, உடனே போர்ட் பிளேயர் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'ஹிஸ் ஹார்ட் இஸ் ஃபெயிலிங்' என்று மட்டும் அடித்தேன். அதோடு வேறெதையும் சேர்க்க மனம் வரவில்லை. மேரிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மற்றவர்கள் என்ன போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பது தெரியும்.

"எம்மா, ஊருக்கெல்லாம் அள்ளிப் போடுற அந்த எக்ஸ்ட்ரீம்லிய எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் மிச்சம் புடிக்கிறிய?"

கவுன்டரில்

போட்டுக் கொடுத்தேன். 'எக்ஸ்ட்ரீம்லி சீரியஸ்', 'வெரி வெரி அர்ஜென்ட்'. அவளோடு நானும் போனேன். கவுன்டரில் இருந்த கிளார்க் கெட்டவர் இல்லை. மனுவை வாங்கி, படிக்காமலே கட்டின் அடியில் செருகினார். அன்றைய ஹெலிகாப்டரில் இடம் தீர்ந்துவிட்டது; முருகேசன் ஏறிவிட்டார். இதையாவது படியுங்கள், இவர் நிஜமாகவே சாகக் கிடக்கிறார் என்றேன்.

"க்யா கரூன் ஆன்ட்டி, நான் என்ன பண்றது? இந்தக் கட்டுல எல்லாருமே எக்ஸ்ட்ரீம்லி, எல்லாருமே நிஜமா. படிக்கிறதையே விட்டுட்டேன். முதல்ல வந்தவங்களுக்கு முதல் சீட்."

அடுத்த மனு

காற்று அடங்கிக் கப்பல் வந்தபோது அந்தோணி இல்லை. இறப்புச் சான்றிதழுக்கு மனு எழுத மேரி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் என் விரல்கள் தலைப்பிலேயே 'வெரி அர்ஜென்ட்' என்று அடித்துவிட்டன. அது என்னம்மா என்று கேட்டாள். ரொம்ப அவசரம் என்று அர்த்தம் என்றேன். திரையில் அந்த இடத்தில் விரல் வைத்தாள்.

"அத எடுத்துருங்கம்மா. இனிமே எங்களுக்கு என்ன அவசரம்?"

எடுத்துவிட்டேன், ஒரு சொல்கூட அதிகமில்லாத அந்த மனு மட்டும் அன்றைக்கே கையெழுத்தாகி வந்தது.