பத்துக்கு மூன்று

"தஸ் மே கித்னா?" என்று பிரசவ அறையில் கேட்பார் ஊசி டாக்டரம்மா. பத்துக்கு எவ்வளவு வலி என்று அர்த்தம். என் இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தலைமுடி பருமனில் ஓர் ஊசி நின்றுகொண்டிருக்கும், கணுக்காலுக்கு மேலே இன்னும் இரண்டு. என் வலது கையைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருப்பார். "தீன்" என்பேன் நான். மூன்று. இப்போது முழங்கால் வலிக்காக நான் போகும் ஆஸ்பத்திரியில், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக வரைந்து, எண் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்குக் கூசும். வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கல்யாணமாகி கோயமுத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. விஷ்ராந்த்வாடியில் வீடு, கணவருக்கு தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் எங்கள் வழக்கம். டிக்கெட்கூட எடுத்தாயிற்று. எட்டாம் மாதம் அப்பா நெஞ்சுவலி என்று படுத்துவிட்டார். அம்மாவால் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியவில்லை. ஆகவே நான் இங்கேயே இருந்துவிட்டேன். எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசினால் அம்மா தவறாமல் ஒன்றைச் சொல்வார். "கத்திக் கூப்பாடு போட்டு மானத்த வாங்கீராத கண்ணு. உன்னப் பெத்தப்ப பக்கத்து ஊட்டுக்குக்கூடத் தெரியாது." எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது பெரிய பெருமை. யார் சத்தமில்லாமல் பெற்றார்கள் என்று கல்யாண வீடுகளில் போட்டியே நடக்கும். வலிக்கு எங்களிடம் இருந்த மருந்தும் இரண்டுதான். ஒன்று சீரகக் கஷாயம், இன்னொன்று பல்லைக் கடித்துக்கொள்வது.

புனே கேம்ப் பகுதியில் நான் காட்டிக்கொண்டிருந்த நர்ஸிங் ஹோமிலோ ஹோட்டல் மெனு மாதிரி சொன்னார்கள். வெந்நீர் ஒத்தடம் இருக்கிறது, இடுப்பில் போடும் ஊசி இருக்கிறது, அது கொஞ்சம் கிறக்கும். மூக்கில் வைத்து இழுக்கும் வாயு இருக்கிறது. முதுகுத்தண்டில் மருந்து செலுத்தினால் இடுப்புக்குக் கீழே வலி அநேகமாகத் தெரியாது, அதற்கு மயக்க மருந்து டாக்டர் வரவேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்கு அக்குபங்சர். முதுகு ஊசி என்றதும் மாமியார் போனிலேயே அலறினார். அக்குபங்சர் ஊசி மெல்லியது, பெயரும் அவருக்கு வாயில் நுழையவில்லை, அதனால் தப்பித்தது.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவையை முட்டி தெரியாமல் இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். மூக்குக்கண்ணாடி கறுப்புக் கயிற்றில் தொங்கும். முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இந்த ஊசி சிலருக்கு வலியைக் குறைக்கும், சிலருக்கு ஒன்றுமே செய்யாது, முழுக்கப் போக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தாங்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன். அவர் வந்துவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை, வீட்டுக்குப் போய்த் தூங்குவேன் என்று சிரித்தார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

காலையில் வலி எடுத்துப் போனோம். கணவர்களுக்குப் பிரசவ அறைக்குள் அனுமதி இல்லை. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே நர்ஸ்கள் மராத்தியில் பேசிக்கொண்டார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அந்த வெள்ளை அறையில் எனக்கு அழுகை வந்தது வலியால் இல்லை. எனக்கு இங்கே யாருமே இல்லை என்பதால்தான். அப்போது டாக்டரம்மா வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் ஒரு மணி நேரம் ஊசி கொஞ்சம் கேட்டது, அதை மறுக்கமாட்டேன். அதற்கப்புறம் வலி ஊசியைச் சட்டை செய்யவே இல்லை. மத்தியானம் இடுப்பை யாரோ இரண்டாகப் பிளப்பது போல இருந்தது. "தஸ் மே கித்னா?" பத்து என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இன்னொரு டாக்டர் வருவார், இவர் எழுந்து போய்விடுவார். "தீன்" என்றேன். கால் மணிக்கு ஒருதரம் கேட்டார், கால் மணிக்கு ஒருதரம் பொய் சொன்னேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "நிஜமாகவா?" என்றுகூடக் கேட்டார். அம்மா பழக்கிய முகம் அது, எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் மகள் பிறந்தாள். டாக்டரம்மா கையை விடுவித்துக்கொண்டு, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, என் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

அந்தப் பொய் அதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. "சத்தமே போடலியாம்" என்று அம்மாவுக்குப் பெருமை, மாமியாருக்கு அதைவிடப் பெருமை. கொலுவுக்கு வருகிற தமிழ்ப் பெண்களிடம் நானும் எடுத்துவிடுவேன். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது, பத்துக்கு மூன்று வலி என்று. சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது போலாகிவிட்டது. மொழி தெரியாத ஊரில் என்னைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கேட்கும் ஒரே கதை அதுதான்.

எட்டு வருஷம் கழித்து எதிர் ஃப்ளாட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் குடிவந்தாள். ஐ.டி. வேலை. கணவனைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. ஏழு மாத வயிற்றோடு என் சமையலறையில் நின்று அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். அதே டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்தாள். மே மாதம் லீவுக்கு நான் கோயமுத்தூர் போயிருந்தேன். அவள் அம்மா வருவதற்குப் பத்து நாள் முன்பே வலி வந்துவிட்டது.

நான் திரும்பி வந்த அன்றே கத்தரிப்பூ நிறப் போர்வையில் சுற்றிய ஆண் குழந்தையை என் மடியில் போட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"எனக்கு ஊசி வேலையே செய்யலக்கா. அந்தம்மா பத்துக்கு எவ்ளோன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உங்களுக்கு மூணுதானே? எனக்குப் பத்துன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப குறைஞ்சுடும், இப்ப குறைஞ்சுடும்னு நாலுன்னே சொல்லிட்டிருந்தேன். கடைசில முடியாம முதுகு ஊசி கேட்டேன். டைம் தாண்டிடுச்சு, கொழந்த வெளிய வரப்போகுதுன்னுட்டாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத்தான்க்கா தெம்பு இல்ல."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

"எனக்கும் வலிச்சுது கண்ணு," என்றேன். "பத்துக்குப் பத்து. மூணுன்னது பொய்யி."

நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்க்கா?"

"நெசத்தச் சொன்னா அந்தம்மா எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு பயந்துட்டேன். அந்த ரூம்ல எனக்கு வேற யாருமே இல்ல."

"அது அன்னிக்கு," என்றாள். "எங்கிட்ட ஏன் சொன்னீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவள் குனிந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.