கரித்தாளில் விழுந்த இழுப்பு

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், ஆவி என்று எவன் ஆரம்பித்தாலும் எழுந்து போகிற ஆள் நான். ஓட்டப்பிடாரத்தில் எங்கள் தெருவுக்குக் குறி சொல்ல வந்தவரையே வாசலோடு திருப்பி அனுப்பியவன். முள் காட்டினால் நம்புவேன், இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான்.

முள் என்றது நிலநடுக்கக் கருவியின் முள்ளை. எழுபதுகளில் முத்தையாபுரத்துக்குத் தெற்கே உடைமரக் காட்டுக்குள் ஆறு மாதத்துக்கு மட்டும் ஒரு நிலையம் போட்டார்கள், நான் அதில் தற்காலிக ஆபரேட்டர். மூன்றடிக் குழிக்குள் சிமெண்டு மேடை, அதன்மேல் கருவி, மேலே பலகை மூடி. அதிலிருந்து ஒரு கேபிள் கூடாரத்துக்கு வரும். அங்கே கரி பூசிய தாள் சுற்றிய உருளை சுழல, முள் அதில் வெள்ளையாகக் கோடு இழுக்கும். கடல் அலைக்குப் பொடி நடுக்கம், உப்பு லாரிக்குத் தடித்த கோடு, எல்லாம் எனக்கு அத்துப்படி. கருவியையோ கேபிளையோ அசைத்துப் பதிவைக் கெடுத்தால் வேலை நிரந்தரம் ஆகாது என்று அதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார்.

காவலுக்கு இருந்தவர் சூசை அண்ணாச்சி. முன்பு சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடித்தவர். கீழே போனவன் மூச்சு முட்டியதும் கயிற்றை இரண்டு தரம் சுண்டுவான், மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். ஒரு நாள் பக்கத்து வள்ளத்துக்காரனோடு வாய்ச்சண்டையில் நின்றுவிட்டார், அன்று கீழே போயிருந்தது அவருடைய தம்பி, உயிரோடு ஏறவில்லை. அதற்குப் பிறகு அவர் கயிறே தொட்டதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சி வெயில். ஞாயிறு என்றால் கடலுக்கு யாரும் போகமாட்டார்கள், லாரியும் கிடையாது, கோடு நூல் பிடித்த மாதிரி போகும். திடீரென்று முள் இரண்டு தரம் வெட்டியது. கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டு. ஆடாக இருக்கும் என்று வெளியே போய்ப் பார்த்தேன், ஆடும் இல்லை ஆளும் இல்லை. கேபிளைக் கழற்றினேன், முள் நின்றது, மாட்டினேன், மறுபடி இரண்டு. அப்படியானால் கூடாரத்துக் கோளாறு இல்லை, குழியிலிருந்துதான் வருகிறது.

சூசை அண்ணாச்சி தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, இழுக்கச் சொல்லுதான்."

"யாரு அண்ணாச்சி? சும்மா கெடங்க."

"எத்தன வருசம் பிடிச்ச கயிறு, எனக்குத் தெரியாதா? எனக்குக் கை வரமாட்டேங்கு. நீங்க இழுங்க தம்பி."

வெட்டு நெருங்கி நெருங்கி வந்தது, அப்புறம் சிறுத்துக்கொண்டே போனது. அவர் வாய்விட்டு அழுதார். எனக்கு எரிச்சல், அவரைப் பார்த்தால் பாவம், வேலை போய்விடுமே என்ற பயம், எல்லாம் சேர்ந்து வந்தது. போனால் போகட்டும் என்று குழியோரம் போய், மூடிக்கு வெளியே கிடந்த கேபிளைப் பிடித்து இழுத்தேன். நம்பினால் நம்புங்கள், ஒரு ஆள் கனம் கனத்தது. ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய கருவி அது. கை மாற்றிக் கை மாற்றி இழுத்தேன், தோள் கழன்றுவிடும் போல ஆயிற்று, பிறகு கனம் மெல்ல மெல்ல விட்டது. மூடியைத் திறந்தால் கருவி வைத்த இடத்தில் வைத்தபடி, மட்டம் காட்டுகிற குமிழிகூட நடுவிலேயே நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து, நான் இழுத்த இழுப்பு விழுந்திருந்த தாளைப் பார்த்தார். "குடிச்சிட்டு கேபிள்ல இடறி விழுந்தேன்னு எழுதிக் குடு, உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நான் அதை வாயில் வைத்ததே இல்லை. முள் வெட்டியது, இழுத்தேன், கனத்தது என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன், ஒரு எழுத்து மாறாது.

ஆனால் ஒன்றை அதில் எழுதவில்லை. கனம் விட்டதும் சூசை அண்ணாச்சி, குழிப் பக்கம் திரும்பாமலே, "ஏறிட்டானா?" என்று கேட்டார். "ஏறிட்டான் அண்ணாச்சி, வள்ளத்துல உக்காந்திருக்கான்" என்று சொன்னேன். ஆறுதலுக்குச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறவன் மாதிரிதான் சொன்னேன். எதைப் பார்த்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.