ஜெயினுலாப்தீன் பாய்க்கு ஒரு சிவப்பு உறை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, என்னுடைய பவர் பேங்கை அளந்தது. அவள் டேப்பைப் பிடித்தாள். நான் எண்களைச் சொன்னேன். நீளம் பதினைந்து சென்டிமீட்டர், அகலம் ஏழு, கனம் இரண்டரை.

"அரை இஞ்சு கூட வுடவா, ஏட்டி?"

"வேண்டாம்மா. லூசா இருந்தா அதுக்குள்ளயே சாவியப் போடுவாங்க. சாவி பட்டு ஷார்ட் ஆயிரும்."

"அப்ப இறுக்கித் தைக்கேன். சாவிய அந்தப் பாய் வாயில வச்சுக்கிடட்டும்."

அது திங்கட்கிழமை. புதன் காலை பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. முப்பிடாதியம்மாள், வயது ஐம்பத்தெட்டு.

தாராவியில் நைண்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில் அம்மாவுக்குப் பை ரிப்பேர் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு மேஜை. சக்கரம், கைப்பிடி, செயின். ஜிப்பை இங்கே செயின் என்றுதான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் யாரும் பெட்டியைக் காலியாக ரிப்பேருக்குக் கொண்டுவருவதில்லை. முழுக்க அடுக்கி, மேலே ஏறி உட்கார்ந்து மூடும்போது செயின் தெறித்தால்தான் ஓடிவருவார்கள். அன்றைக்கே விமானமாக இருக்கும். அம்மா துணிமணிகளை எடுக்காமலே, ஓரமாகக் கையை விட்டுத் தைத்துக் கொடுப்பாள்.

நான்கு வருடங்களுக்கு முன் குர்லாவிலிருந்து ஜெயினுலாப்தீன் பாய் அப்படித்தான் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். ஷார்ஜாவில் ஒரு சமையற்கூடத்தில் புது வேலை. பெட்டியின் உள்துணி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அவருடைய பவர் பேங்க் அந்தக் கிழிசல் வழியாக உள்ளே நழுவியிருந்ததை அவரும் கவனிக்கவில்லை, அம்மாவும் கவனிக்கவில்லை. அவசரத்தில் அப்படியே தைத்து மூடிவிட்டாள்.

விமானத்தின் அடியில் போகிற பெட்டிகளில் பவர் பேங்க் இருக்கக் கூடாது. அது தீப்பிடித்தால் அங்கே பார்க்க ஆளில்லை. கைப்பையில் இருந்தால் புகை வந்ததுமே அணைத்துவிடலாம். எக்ஸ்ரே மெஷினில் அது தெரிந்துவிட்டது. பாயைக் கூப்பிட்டார்கள். அவர் எல்லாத் துணிகளையும் வெளியே எடுத்துப் போட்டுத் தேடினார். கடைசியில் உள்துணிக்குப் பின்னால் கட்டியாகத் தட்டுப்பட்டது. அறுத்து எடுக்கக் கத்தி வேண்டும். கத்தி கேட்கக்கூடிய இடமா அது? அம்மாவின் தையல் லேசில் பிரியாது. பிரித்து முடித்தபோது விமானத்தின் கதவை மூடியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து டிக்கெட் கிடைத்தது. அதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த வேலை கிடைக்கும்வரை எட்டு மாதம் வீட்டில் இருந்தார்.

விமானத்தைத் தவறவிட்ட மறுநாள் காலையில் கடைக்கு வந்து அந்தப் பவர் பேங்கை அம்மாவின் மெஷின்மேல் வைத்தார். "இந்தா, நீ தச்சது" என்றார். அதோடு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அம்மா யாரையும் கேட்காமல் விட்டதில்லை. மாட்டுங்காவிலிருந்து வைத்தீஸ்வரன் என்று ஒரு ரிட்டயர்ட் ஆபீசர் பெட்டியோடு வந்தபோது நான் கடையில் இருந்தேன்.

"பவர் பேங்க் எங்க இருக்கு சார்?"

"அது உனக்கு எதுக்கும்மா? செயினை மாத்திக் கொடு, போறும்."

"செயின் மாத்துனா பெட்டிதான் மூடும் சார். உள்ள கெடக்கது பத்திக்கிட்டா பிளேன்ல நீங்களும்லா இருப்பீங்க?"

அவர் முனகிக்கொண்டே வேட்டிகளுக்கு அடியிலிருந்து எடுத்தார்.

நான் விக்ரோலியில் ஒரு பேட்டரி பரிசோதனைக்கூடத்தில் எஞ்சினியர். பவர் பேங்கில் அடங்கும் மின்சாரம் நூறு வாட்-ஹவர் வரை இருந்தால் அனுமதி கேட்க வேண்டாம், அதற்கு மேல் நூற்றறுபது வரை விமான கம்பெனியின் சம்மதம் வேண்டும், அதையும் தாண்டினால் கிடையாது என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"அதெல்லாம் ஒன் லேபுல வச்சுக்க. டப்பா மேல பெருசா போட்டிருக்க நம்பர்ல சொல்லு."

கணக்குப் போட்டேன். சாதாரண பவர் பேங்குக்கு இருபத்தேழாயிரம் எம்ஏஎச் வந்தது. அந்த எண்ணை மெஷினின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதிக்கொண்டாள். அழிய அழிய எழுதினாள். அது மட்டுமல்ல, ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு கைப்பையிலும் சிவப்புத் துணியில் ஓர் உறை தைத்தாள். எந்தப் பைக்குள்ளும் சட்டென்று கண்ணில் படுகிற நிறம்.

போன மாதம் அம்மா, பாயின் மனைவி சைனப்பை மார்க்கெட்டில் பார்த்திருக்கிறாள். அவர் லீவில் வந்திருப்பதாகவும், இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை திரும்புவதாகவும் தெரிந்தது. அவருக்காகவே ஒரு தோள்பை தைத்தாள், உள்ளே சிவப்பு உறையோடு. கொண்டுபோக வேண்டிய அன்று நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"எம்மா, இப்ப ரூல் மாறிட்டு. தலைக்கு மேல இருக்க ஷெல்ஃப்ல பவர் பேங்க் வைக்கக் கூடாதாம். கையில இருக்கணும். பிளேன்ல அத வச்சு சார்ஜும் போடக் கூடாது."

"இந்தப் பை மேலதான் போவுமா?"

"மேலதான் போவும்."

அம்மா உடனே உறையைப் பிரித்தாள். கழற்றி மாட்டும்படி, இரண்டு பட்டன் வைத்துப் புதிதாகத் தைக்க ஆரம்பித்தாள். அதற்குத்தான் அந்தத் திங்கட்கிழமை அளவெடுத்தோம். நான் சும்மா இருந்திருந்தால் பை அன்றே குர்லாவுக்குப் போயிருக்கும். இந்தப் பதினைந்து நாளில் இதை எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன்.

இன்று கடையைத் திறந்தேன். பை மேஜையில் இருந்தது. உறை தைத்து முடிந்திருந்தது. பட்டன்கள் மட்டும் காகிதத்தில் மடித்துப் பக்கத்தில் இருந்தன. சைனப்பிடம் நம்பர் வாங்கிப் பாய்க்குப் போன் செய்தேன்.

"முப்பிடாதி மக கீதா பேசுதேன், பாய்."

"மவுத்துச் செய்தி கேட்டேன்மா. வரணும்னு நெனச்சேன். வர ஒரு மாதிரியா இருந்துச்சு."

"அம்மா உங்களுக்கு ஒரு பை தச்சு வச்சிருக்கா."

பாய் கேட்டார்: "இந்தத் தடவ அக்கா உள்ள எத வச்சுத் தச்சிருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா போனபின் முதல் தடவை. அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார்.

"சனிக்கிழம போறேன்மா. அதுக்கு முன்ன கொண்டாந்துரு. என் பவர் பேங்குல எழுத்தெல்லாம் தேஞ்சு கெடக்கு, அதையும் பாத்துச் சொல்லு."

"எழுத்துத் தெரியலன்னா வுட மாட்டாங்க பாய். வேற வாங்கணும். நானே பாத்து வாங்கித் தாரேன்."

பட்டன் இரண்டையும் நானே அடித்தேன். ஒன்று கோணலாகப் போய்விட்டது. அம்மா பார்த்தால் பிடுங்கிவிட்டு மறுபடி அடிப்பாள். என் பவர் பேங்கை உறைக்குள் வைத்து, அவள் செய்வதுபோல மூன்று தடவை தலைகீழாக உதறினேன். விழவில்லை.

சயானில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் குர்லா. இன்று வியாழன். நாளை லேபில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.