பின்சீட்டு வாசனை

எங்கள் காருக்குள் பெட்ரோல் வாசனை வருகிறது என்று அம்மா முதன்முதலில் சொன்னபோது அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் அவருக்குச் சோதனைப் பிரிவில் வேலை. அவர் பார்த்து முத்திரை குத்தாமல் ஒரு திருகாணிகூட அங்கிருந்து வெளியே போகாது என்பது குவார்ட்டர்ஸ் முழுவதும் தெரிந்த விஷயம். அவரேதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

“பீரங்கி வண்டியவே பாத்து அனுப்பறவன் நானு. என் வண்டி ஒழுவுதுன்றியா?”

“ஒழுகுதுன்னு எங்கங்க சொன்னேன்? வாசனை வருதுன்னேன்,” என்றாள் அம்மா.

அந்தக் கார் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது. எனக்கு அப்போது எட்டு. நான்கைந்து கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்த அதை அப்பா வாரத்தில் ஆறு நாள் படுதா போட்டு மூடி வைத்துவிட்டு, வேலைக்கு சைக்கிளில் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருவிழா. காலையில் கிளம்பிப் பூந்தமல்லியில் டேங்க் வழிய வழிய பெட்ரோல் போடுவார். டேங்கில் காலி இடம் விட்டால் துருப்பிடிக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பிறகு காட்டுப்பாக்கம் போய் அவருடைய அக்காவை, அதாவது என் அத்தையை, ஏற்றிக்கொண்டு மாங்காட்டு அம்மனைப் பார்க்கப் போவோம். முன்சீட்டு அத்தைக்கு. அம்மாவும் நானும் பின்னால்.

அந்த வருடம் அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், குமணன்சாவடியில் கார் மாங்காட்டுப் பக்கம் திரும்பியதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வாந்தி எடுத்தாள். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒன்றும் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கு மறுநாளே அப்பா பேனாவும் காகிதமுமாகக் காரை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். பானெட்டுக்குள் தலையை விட்டார், அடியில் படுத்து டார்ச் அடித்தார். சொட்டு ஈரம் இல்லை, வாசனையும் இல்லை. குமணன்சாவடி மெக்கானிக்கிடமும் காட்டினார்.

“பெட்ரோல் வண்டில பெட்ரோல் வாசன வராம மல்லிப்பூ வாசனயா வரும், அண்ணாத்தே?” என்றார் அவர். அப்பாவுக்கு அது போதும். அம்மாவிடம் வந்து அதை இரண்டு தரம் சொல்லிக் காட்டினார்.

காருக்கு நோய் இல்லை என்றால் நோய் அம்மாவுக்குத்தான் என்று ஆனது. இரண்டாவது ஞாயிறு கோயில் வாசலிலேயே அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“பெட்ரோலும் இல்ல, ஒரு எழவும் இல்ல. வாயும் வயிறுமா கீற நீ. ஆத்தா குங்குமத்த நெத்தில வச்சதும் வாந்தி நின்னுச்சா இல்லியா? இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் உனுக்கு?”

அத்தை கெட்டவள் இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. என் கன்னத்தைக் கிள்ளி, “உனுக்கு தம்பிப் பாப்பா வரப்போறான்டி,” என்றாள். நான் அன்று ராத்திரியே அவனுக்கு மூன்று பெயர் யோசித்துவிட்டேன்.

அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. காரணம், அதே வாரம்தான் வேலை உத்தரவு வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒன்பது வருடமாக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்திருந்தவள் அவள். திருவள்ளூரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். வருகிற திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் உத்தரவு செல்லாது. ஆனால் எனக்குப் பிறகு உண்டானது ஒன்று தங்காமல் போயிருந்தது. இனி உண்டானால் முதல் நாளிலிருந்தே படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். இப்போது போய்க் கேட்டதற்கு, பார்த்துச் சொல்ல இன்னும் பத்து நாள் போகவேண்டும் என்றாராம். நாளும் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தது. இந்தக் கணக்கெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மாவே சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: காரணம் பெட்ரோல் என்றால் பாப்பா இல்லை, பெட்ரோல் இல்லை என்றால் பாப்பா உண்டு. நான் பாப்பா கட்சி.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வாசனை எனக்கு வந்துகொண்டுதான் இருந்தது. எனக்குப் பெட்ரோல் வாசனை கொள்ளைப் பிரியம். பின்சீட்டின் சாய்மானத்துக்கும் ஓரத்துத் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் மூக்கை வைத்து, பூந்தமல்லியிலிருந்து மாங்காடு வரை இழுத்துக்கொண்டே போவேன். முதலில் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. பாப்பா பேச்சு வந்த பிறகு, வேண்டுமென்றே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குக் கட்டிக்கொள்ளக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்த மூன்று நூல் புடவைகளையும் அடியில் வைத்து, உத்தரவுக் காகிதத்தை அவற்றின் மடிப்பில் செருகினாள். செருகிவிட்டு, நான் நிற்பதைக் கவனிக்காமல் அழுதாள். அம்மா சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததே இல்லை. தம்பியையும் அவனுடைய மூன்று பெயர்களையும் அந்த நிமிடமே விட்டுக் கொடுத்தேன்.

“அம்மா, எனக்கு எப்பவும் பெட்ரோல் வாசனை வரும்மா.”

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “எங்கேருந்து?”

இடுக்கைச் சொன்னேன். அவள் அடுத்து ஒன்று கேட்டாள். சோதனைப் பிரிவுக்குத் தோன்றாத கேள்வி அது. “வரும்போதும் அடிக்குமா?” யோசித்துப் பார்த்தேன். போகும்போது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நாத்தனாராய் லட்சணமாக அம்மாவைப் பார்த்துக்கொள்ள முந்தின நாளே பையோடு வந்து இறங்கியிருந்தாள். ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டு வந்து படுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு எல்லோரும் கிளம்பினோம். அம்மாவின் கையில் ஒரு டிபன் டப்பா இருந்தது. பூந்தமல்லியில் அப்பா வழக்கம்போல வழிய வழிய நிரப்பி முடித்ததும், வண்டியை ஓரமாக நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னாள்.

“இன்னாத்துக்கு?”

“திறங்களேன்.”

ஸ்டெப்னியை டிக்கியின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். பழைய போர்வையை உருவினாள். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் தடித்த ரப்பர் குழாய் சரியாக என் இடுக்குக்குப் பின்னால் இருந்தது. டப்பாவைத் திறந்து, அதிலிருந்த கோலமாவை அந்தக் குழாயைச் சுற்றிலும் அடியிலும் தாராளமாகத் தூவினாள். அப்பா அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டார்.

“இன்னாடி இது, டிக்கில கோலம் போட்டுக்கினு கீறா!” என்றாள் அத்தை.

குமணன்சாவடி திருப்பத்தைத் தாண்டியதும் அம்மா நிறுத்தச் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் வாயைப் பொத்தவில்லை. எல்லோரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். வெள்ளை மாவில், குழாயின் அடிப்பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு ஈரக்கோடு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. டேங்க் வழிய நிரம்பியிருந்தால்தான் பெட்ரோல் அந்தக் குழாய் வரைக்கும் ஏறி நிற்கும். வண்டி திரும்பினால் கசியும். கொஞ்ச தூரம் ஓடி மட்டம் இறங்கிவிட்டால் ஒன்றும் இருக்காது. அப்பா திங்கட்கிழமை சோதித்து ஒன்றும் காணாததும், அம்மன் குங்குமம் வாந்தியை நிறுத்தியதும் இந்த லட்சணத்தில்தான்.

அப்பா அந்தக் கோட்டைத் தொட்டு மோந்து பார்த்தார். பிறகு மெதுவாக, “முந்தாநேத்து வெள்ளிக்கிழமகூட இதும் முன்னால சூடம் காட்னேனே,” என்றார். ஸ்டெப்னி மேலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா நடுரோடு என்றும் பாராமல் சிரித்தாள். அதே மெக்கானிக் புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தார். மல்லிப்பூவைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

ஆனாலும் அத்தை முழுதாக விட்டுக் கொடுக்கவில்லை. “பெட்ரோல் ஒழுவுனா புள்ள இல்லன்னு ஆயிடுமா?” என்று ராத்திரி வரை முணுமுணுத்தாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அம்மாவின் சிரிப்பு அதைக் கேட்டதும் குறைந்துபோனது.

திங்கட்கிழமை விடிந்தது. அம்மா நேரத்தோடு தலைக்குக் குளித்துக் கஞ்சிப் புடவை கட்டியிருந்தாள். ஆனால் சாமி அலமாரிப் பக்கமே போகவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு விளக்கேற்றச் சொன்னாள். மாதத்தில் மூன்று நாள் அப்படி நடக்கும். அந்த நாட்களில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எரிந்து விழுவாள், நான் கிட்டேயே போகமாட்டேன்.

“வேலைல சேர்ற மொத நாளும் அதுவுமா இப்புடியா ஆவணும்?” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தது அவள்தான்.

அம்மா சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். எட்டு வயதுக்கு நான் நல்ல கனம். இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வயிற்று வலி நாளில் ஒருத்திக்கு எப்படி இவ்வளவு சந்தோஷம் வரும் என்று வாசலில் நின்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. பிறகு உள்ளே போய், தம்பி எப்போது வருவான் என்று அத்தையிடம் கேட்டேன்.