வாசனை தீர்ந்த பொறி

காலை ஷிப்டுக்கான கம்பெனி பஸ் பேரிகை ஊருக்குள் வருமுன் வினோதா தக்காளித் தோட்டத்துக்கு ஓடிவிடுவாள். அங்கே பூச்சிப் பொறியாக வைத்த தட்டுகளில் சோப்புத் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே கம்பியில் சின்ன ரப்பர் குப்பி ஒன்று தொங்கும். தக்காளி இலையையும் காயையும் குடையும் ஊசிப்புழுவின் பெண் அந்துப்பூச்சி துணையை அழைக்க விடுகிற வாசனையைச் செய்து அந்த ரப்பரில் ஏற்றியிருக்கிறார்கள். மனித மூக்குக்கு அது எட்டாது. ஆண் பூச்சியோ காற்றில் அதைப் பிடித்துக்கொண்டு, துணை இருக்கிறது என்று நம்பி வந்து தண்ணீரில் விழும். கோடை வெயில் ஏறிய நாளிலிருந்து எல்லாத் தட்டும் காலி. அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறும்போது அவள் ஜெயித்தவள் மாதிரி ஏறினாள்.

ஜெயிக்க வேண்டிய காரணம் இருந்தது. போன கோடையில் அவளுடைய அப்பா சென்னப்பன் முதுகில் பூச்சிமருந்து டேங்கோடு வரப்பிலேயே வாந்தியெடுத்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வினோதா அவரிடம் ஒரு வாக்கு வாங்கினாள்: இனி பொறியில் பூச்சி விழுந்தால்தான் மருந்து, சும்மா பயந்து அடிக்கக் கூடாது. அவர் சம்மதித்தது பாதி பலவீனத்தில், பாதி மகளின் வேலையை நம்பி. ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் அவள். பிழை பூஜ்யம் என்றால் அங்கே சாக்லேட் கொடுப்பார்கள். காலித் தட்டும் அவளுக்கு அப்படியொரு பூஜ்யமாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியவளுக்காகச் சென்னப்பன் வரப்பில் காத்திருந்தார். கையில் ஒரு தக்காளி இலை. அதில் வெள்ளைத் திட்டு. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே புழு நெளிந்தது.

"பூச்சியே இல்லைன்ன. இது என்னா, உங்க கம்பெனிலேர்ந்து பஸ் ஏறி வந்துச்சா?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும் நைனா. தட்டுல ஒண்ணுமே விழலையே."

"காய் பழுக்கற நேரம். காய்க்குள்ள பூந்துட்டா மண்டில ஒருத்தன் கூடையத் தொடமாட்டான். நாளன்னிக்குக் காலையில மருந்து கலக்கறேன். தோட்டம் மொத்தத்துக்கும்."

பக்கத்துத் தோட்டக்காரர் பிடுங்கிப் போட்ட தக்காளிச் செடிகள் அவர்கள் தோட்டத்தின் மேற்கு மூலையையொட்டி குவிந்து வாடிக்கிடந்தன. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போன வருஷத்து வரப்பும், அதில் கிடந்த அப்பாவும்தான்.

மறுநாள் ஷிப்ட் தொடங்கியது. அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கெட்டது என்று தெரிந்தே வைத்திருக்கும் ஒரு பீஸுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். முதலில் அதைத்தான் சோதனை மிஷினில் வைக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டுமே மற்றதை வைக்கலாம். அன்று வினோதா அதை வைத்தாள். பச்சை எரிந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் பச்சை.

பக்கத்து மேஜையிலிருந்த ஜெயமணி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தலையை நீட்டிப் பார்த்தாள். "எதக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லுதே. எங்க கல்யாணத் தரகர் மாதிரில்லா இருக்கு."

வினோதா லைனை நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. நேற்று அப்பா காட்டிய இலை! புழு இருப்பது கண்கூடு, தட்டோ இல்லை என்கிறது. அந்த இலைதான் தோட்டத்துச் சிவப்புப் பீஸ். செத்தது பூச்சியல்ல, பொறி.

ஒரு பொருள் இருந்திருந்தால் நிச்சயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில்தான், படாமை இல்லாமைக்குச் சாட்சியாகும். தர்க்கம் படித்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விஷயம் இது. வினோதா அதைப் படித்ததில்லை. ஆனால் தினமும் காலையில் மிஷின் முன்னால் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தாள், தோட்டத்தில் மட்டும் மறந்தாள். பூஜ்யம் பிடித்துப்போய்விட்டால் அப்படித்தான்.

அன்றைய மீதி வேலை எப்படி ஓடியது என்று அவளுக்கே தெரியாது. பேரிகையில் இறங்கியதும் கங்கப்பனின் உரக்கடைக்குத்தான் ஓடினாள். அவர் ஃபிரிட்ஜிலிருந்து புதுக் குப்பிகளை எடுத்தபடியே விவரம் சொன்னார். பாக்கெட்டில் போட்டிருக்கும் ஆயுள் குளிர்ந்த நாளுக்கு. இந்த வருஷ வெயிலில் ரப்பர் தன் வாசனையை அவசரமாகக் கக்கித் தீர்த்துவிடுகிறது. பிறகு தொங்குவது வெறும் ரப்பர். முன்பெல்லாம் பங்குனியிலும் இங்கே ராத்திரி குளிரும், இப்போது சூடு இறங்குவதே விடியற்காலையில்தான்.

"பூச்சிங்களுக்கு வாசனைதான் பேச்சு, அதுவே சரியாப் போவுதில்லம்மா. சூடு ஏறுனா வாசனை நிக்காது. அதுங்களும் பறக்கற நேரத்த விடியக்காலைக்கு மாத்திக்குதுங்க."

இரண்டு குப்பிகள் வாங்கினாள். ஒன்றைச் சாலையோரத் தட்டிலும் மற்றதை மேற்கு மூலைத் தட்டிலும் மாட்டிவிட்டு, விளக்கு வைக்கும் நேரம்வரை காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. சென்னப்பன் மருந்துப் பாட்டிலை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, விடியட்டும் என்றார்.

விடியலில் லேசாக ஒரு குளிர்காற்று வந்தது. டார்ச்சோடு ஓடிய வினோதா சாலையோரத் தட்டைப் பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூச்சிகள் மிதந்தன. மேற்கு மூலைக்குப் போனாள். சாம்பல் நிறத்தில் தண்ணீரே தெரியாமல் மிதந்தன. மேலே இன்னும் சில குப்பியைச் சுற்றிப் பதறிக்கொண்டிருந்தன.

"நைனா, வந்து பாரு! விழுந்திருக்கு!"

டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்தார். தட்டைப் பார்த்தார், செடிக் குவியலைப் பார்த்தார், அதையொட்டிய வரிசைகளில் இலை இலையாகப் புரட்டினார். புழு அங்கேதான். சாலைப் பக்கம் நடந்து அங்கேயும் புரட்டினார், இலை சுத்தம்.

"இந்த மூலைதான்," என்றார். "அந்தக் குவியல்லேர்ந்துதான் வருது, அத புதைக்கணும். இந்த வரிசைல கெட்ட இலையக் கிள்ளிட்டு வேப்பெண்ணெ அடிச்சாப் போதும்." பிறகு, அவளைப் பார்க்காமல், "மொத்தத்துக்கும் வேணாம்."

காய் முழுக்கத் தப்புமா என்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மருந்துப் பாட்டில் திறக்காமலே வீட்டுக்குள் போனது.

"தட்டு காலியா இருந்தா நம்பாத நைனா. தினம் நாலு இலையும் புரட்டிப் பாரு."

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பஸ்ஸு ஆரன் அடிக்கிறான், ஓடு."

சேற்றுக் காலோடு பஸ்ஸில் ஏறியவளைப் பார்த்து, என்னட்டி இவ்வளவு சந்தோஷம் என்று ஜெயமணி கேட்டாள்.

"எங்க தோட்டத்துல பூச்சி விழுந்திருச்சுக்கா," என்றாள் வினோதா, முகமெல்லாம் சிரிப்பாக.

முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் திரும்பி அவளை ஒருமாதிரி பார்த்தார்.